சொந்த யோசனைக்கு வாய் கிடையாது

போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "மேடம், கிரியேட்டிவிட்டிக்குப் போய் நாலு கேட் போட்டு வெச்சிருக்கீங்களே, அது அதைக் கொன்னுடாதா?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் பேசியதற்கு அவ்வளவு கைதட்டல் வரவில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் படப்பையில் ஏறிய கோபம் தாம்பரத்தில் இறங்கியபோதும் இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லாது. கற்பனையைக் கொல்வது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் நீங்கள் தினமும் சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் பார்க்கிறீர்கள். தார்ப்பாய் போர்த்திய இரும்புக் கட்டி ஒன்று கிடக்கிறதே, அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்களே, அது ஒரு மோல்டு. ஜூஸ் பிழியும் மெஷினின் உடம்பை வார்ப்பதற்காக வெட்டியது. பெரிய முதலாளிக்கு ஒரு காலை நேரத்தில் தோன்றிய யோசனை அது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, முதலாளி பேசும்போது எல்லோரும் தலையைத்தானே ஆட்டுவோம். எஃகில் வெட்டிய பிறகு தப்பை அழிக்க ரப்பர் கிடையாது. அந்த மெஷினை எந்தக் கடைக்காரரும் இரண்டாவது தடவை வாங்கவில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு முன்பே உற்பத்தி லைனை நிறுத்தினார்கள். அசெம்பிளியில் இருந்த பெண்கள் படப்பைக்கும் மணிமங்கலத்துக்கும் வேலையில்லாமல் திரும்பிப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

அப்போது நம் கிரைண்டர் கம்பெனியில் தயாரிப்பு மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. நான், இரண்டு டிராஃப்ட்ஸ்மேன்கள், சோதனைக்கு மாவு அரைக்கும் ஒரு சமையலறை, அவ்வளவுதான். எங்கள் உடம்பிலேயே புளித்த மாவு வாடை இருக்கும். மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். அந்தப் பிரிவுக்குத் தலைவியாக என்னைப் போட்டபோது நான் கேட்டு வாங்கிய ஒரே விஷயம் இந்த நாலு கேட்தான். முதல் கேட்டில் யோசனையைப் பேசுவோம். இரண்டாவதில் அதை ஒரு வீட்டின் சமையலறைக்குக் கொண்டுபோவோம். மூன்றாவதில் கையால் சில மாதிரிகள் செய்து ஓட்டிப் பார்ப்போம். நாலாவது கேட் திறந்தால்தான் மோல்டு. இதெல்லாம் எந்தக் கம்பெனியிலும் இருப்பதுதான், இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

என் புத்தியிலிருந்து வந்தவை இரண்டு விதிகள். முதல் விதி: தன் யோசனையைத் தானே பேசக்கூடாது. அந்த யோசனையை யார் அதிகமாக எதிர்க்கிறாரோ அவர்தான் அதற்காகப் பேச வேண்டும். பேசுவதற்கு முன் யோசனைக்காரரோடு உட்கார்ந்து, அவர் மனசில் என்ன இருக்கிறது என்று புரியும்வரை கேட்க வேண்டும். பிறகு தன் சொந்தப் பிள்ளைக்குப் பேசுவதுபோல் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசினால் கூட்டம் தள்ளிவைக்கப்படும்.

இரண்டாவது விதி வீட்டுக்குப் போகும்போது. யோசனைக்காரர் கட்டாயம் வர வேண்டும், ஆனால் வாயில் ஒரு பெரிய கல்கண்டு போட்டுக்கொள்ள வேண்டும். அது கரையும்வரை பேச்சு கிடையாது. கடித்துத் தின்பது கள்ளாட்டம்.

இதைக் கேட்டு சிரிக்காத ஆள் இல்லை. புரொடக்‌ஷன் பார்த்த தனசேகர் முதல் கூட்டத்திலேயே, "இன்னா மேடம் இது, கம்பெனியா இல்ல கொயந்தைங்க ஸ்கூலா? முட்டாய் குட்த்து வாய மூடச் சொல்றீங்கோ" என்றார். பிறகு அவர் தன் யோசனையைக் கொண்டுவந்தார். அதற்கு எதிரியாக இருந்த டிராஃப்ட்ஸ்மேன் அவருக்காகப் பேசினார். தனசேகர் பேசியிருந்தால் கத்தியே கெடுத்திருப்பார். அந்த யோசனைதான் இன்று உங்கள் கிரைண்டரில் டிரம்மைத் தூக்காமல் சாய்க்கும் பிடி. அன்றிலிருந்து கல்கண்டு டப்பாவை வாங்கி நிரப்புவது அவர் வேலை, யாரும் சொல்லாமலே.

இனிமேல் சொல்லப்போவதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

பெரிய முதலாளி ஓய்வு எடுத்துக்கொண்டதும் அவர் மகன் வந்தார். வெளிநாட்டில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் சின்ன சார். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு, ஆனால் பொறுமை என்ற சாமானை யாரும் அவருக்குக் காட்டியதே இல்லை. வந்த கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிட்டார். போனிலிருந்து இயக்கும் கிரைண்டர் செய்ய வேண்டும். ஆபீஸிலிருந்தே ஆன் செய்யலாம், மெஷின் தண்ணீர் கேட்டால் போனில் பதில் சொல்லலாம். தீபாவளிக்கு முன் நடக்கும் டீலர் கூட்டத்தில் காட்டியாக வேண்டும்.

"மோல்டுக்கு நாளைக்கே ஆர்டர் குடுத்துடலாம் மேடம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"கேட்டுக்குக் கொண்டு வாங்க சார். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்கு."

"அதுக்கெல்லாம் டைம் இல்ல. இது நான் சொல்ற ஐடியா."

"அதனாலதான் சார் சொல்றேன்."

அவர் முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். மேஜைமேல் இருந்த ஒரு வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. என்னுடைய தேங்காய்த் துருவி. கிரைண்டரின் பக்கவாட்டில் மாட்டி, ஒரு கையாலேயே துருவலாம். பல வருடம் மனசில் வைத்து வளர்த்த யோசனை. இரண்டாவது கேட்டில், சேலையூரில் ஒரு வீட்டில், கல்கண்டு என் வாயில் இருக்கும்போதே அது செத்துப்போனது. என் பிரிவில் எல்லோரும் சேர்ந்து அதை மூடினார்கள். நானும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன்.

"இதையும் சேர்த்தே மோல்டுக்கு அனுப்பிடலாம். உங்க பேர்லயே வரட்டும். என்ன சொல்றீங்க?"

ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். என் யோசனை ஒன்று ஊரெல்லாம் சமையலறை மேடையில் உட்காரும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஜன்னல் வழியாகச் சைக்கிள் ஸ்டாண்டு தெரிந்தது. லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் அந்த மோல்டின்மேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு தார்ப்பாய்க் கட்டி வந்தால் அடுத்துப் போவது இவர்கள்தான்.

"எனக்காகவும் கேட்டைத் திறக்காதீங்க சார், உங்களுக்காகவும் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தாம்பரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ரயில்வே கேட் தெரியும். கேட் மூடியிருந்தால் நாம் நிற்க மாட்டோம், சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைந்துவிடுவோம். சின்ன சாரும் அதைத்தான் செய்தார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. கேட் கூட்டத்தின் தலைமை இனி ஃபரீதாவுக்கு. நான் உறுப்பினராக மட்டும் தொடரலாம்.

ஃபரீதா என் பிரிவில் பிறகு வந்து சேர்ந்த எஞ்சினியர். மேற்குத் தாம்பரத்துப் பெண். வீட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை, அதனால் மோட்டார் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவாள். அதிர்ந்து பேச மாட்டாள். சின்னப் பெண், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார் சின்ன சார். அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முடிச்சூர் வந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நான் இதை வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"எதுக்கு வேணாம்னு சொல்லணும்? தைரியமா உட்காரு."

"நான் பாட்டுக்கு உங்க ரூல்படியே நடத்துவேன். அப்புறம் உங்களுக்கே சங்கடமாயிடும்."

"எனக்கு என்ன சங்கடம்?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று செவ்வாய்க்கிழமை வரை எனக்கு உறைக்கவில்லை.

கூட்டம் தொடங்கியது. சின்ன சார் லேப்டாப்பைத் திறந்து பேச எழுந்தார். ஃபரீதா மெதுவாக, "சார், உட்காருங்க. உங்க யோசனையை நீங்க பேசக்கூடாது" என்றாள்.

"இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானே?"

"இல்ல சார். இதுக்கு அதிகமா எதிர்ப்பு யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். இத்தன நாள் அவங்க தலைமையில இருந்ததால யாருக்காகவும் பேச முடியல. இப்ப மெம்பர்தான்." என் பக்கம் திரும்பினாள். "வசுமதி மேடம், அடுத்த செவ்வாய் நீங்க பேசணும்."

தனசேகர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "மாட்டிகினீங்களா மேடம்! நீங்க வெட்ன பள்ளம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பெண்ணை நானே வளர்த்தேன், அவள் எனக்கே வேலை வைக்கிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடம் எழுந்து நின்று கத்த வேண்டும்போல் பெருமையாக இருந்தது. என்னை நாற்காலியிலிருந்து இறக்கிய கையாலேயே சின்ன சார் தன் யோசனையை என் மடியில் போட்டுவிட்டார். ஒப்புக்குப் பேசிக் கவிழ்த்துவிடலாமா என்று மனசு கேட்டது. அப்படிச் செய்தால் இத்தனை வருடம் நான் கட்டியது வெறும் வேஷம் என்று ஆகிவிடும். ஜெயித்தாலும் எனக்கு அது தோல்விதான்.

விதிப்படி அவரோடு போய் உட்கார்ந்தேன். முதலில் விறைப்பாகவே பதில் சொன்னார். நான் விடவில்லை. இது எங்கேயிருந்து தோன்றியது என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியில் லேப்டாப்பை மூடினார்.

"அங்க தனியா இருந்தேன் மேடம். நம்ம கிரைண்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தேன். தோசை சாப்பிடணும்போல இருக்கும். மெஷினைப் போட்டுட்டு ஒரு கால் பேசப் போனா மாவு சூடாயிடும், இல்ல பொங்கி வழியும். அது பக்கத்துலயே நிக்கச் சொல்லுது. நின்னா வேலை கெடுது. போனாலும் கெடுது. ஒருநாள் மொத்தத்தையும் சிங்க்ல கொட்டிட்டு ரொட்டி சாப்பிட்டேன்."

அதுவரை அந்த யோசனையை நான் ஒரு பணக்காரப் பிள்ளையின் விளையாட்டாகத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் பசி இருந்தது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் நான் பேசினேன். போனைப் பற்றிக் கொஞ்சம்தான் சொன்னேன். பக்கத்திலேயே நிற்கச் சொல்லும் மெஷினைப் பற்றியும், நிற்க முடியாமல் ஓடும் மனிதர்களைப் பற்றியும் சொன்னேன். குரல் எனக்கே உயர்ந்தது. முடித்தபோது தனசேகர் சிரிக்கவில்லை. யோசனை முதல் கேட்டைத் தாண்டியது. நான் எதிர்த்த யோசனை, என் வாயால். சின்ன சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கேட்டுக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். ஹேமா என்ற கணக்கு டீச்சரின் வீடு. ஒரு சனிக்கிழமை காலை ஃபரீதா, சின்ன சார், நான் மூவரும் போனோம். பழைய கிரைண்டர் ஒன்றில் கம்பி இழுத்து போனோடு இணைத்திருந்தோம். ஃபரீதா கல்கண்டை நீட்டினாள். சின்ன சார் பள்ளிக்கூடப் பையன்போல் வாயில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஹேமா டீச்சர் போனை ஃப்ரிட்ஜ்மேல் வைத்தார். உளுந்தைப் போட்டார். மெஷின் ஓடியது. அவர் நிற்கவில்லை, இட்லிக்குச் சட்னி அரைத்தார், பையனின் சட்டையைத் தேடினார். இடையிடையே வந்து மாவைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார், தண்ணீர் தெளித்தார், ஒட்டியதை உள்ளே தள்ளிவிட்டார். முழங்கை வரை மாவு. அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ்மேல் போன் கத்தியது. தண்ணீர் சேர்க்கலாமா, ஆமாம் அல்லது இல்லை என்று அழுத்தச் சொன்னது.

டீச்சர் தன் இரண்டு கையையும் பார்த்தார். சுண்டு விரலின் கணுவால் தொட்டார், போன் கேட்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டுத் தொட்டார், ஈரத்தில் வேறு எதையோ திறந்தது. குனிந்து மூக்கால் அழுத்திப் பார்த்தார். "என்னங்க இது, என்னை சர்க்கஸ் பண்ண வைக்குது!" என்று சிரித்தவர், மாவு பதமாகிவிட்டது என்று கண்டதும், போனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மெஷினின் சுவிட்சை முழங்கையால் இடித்து நிறுத்தினார். அதுகூட மூன்றாவது இடியில்தான் நின்றது.

சின்ன சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். கல்கண்டு கரைந்திருந்தது, வாயைத் திறந்தார். எப்படித் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் துடித்திருப்பார். ஃபரீதா இரண்டாவது கல்கண்டை நீட்டினாள். வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அன்று பேசியிருந்தால் அந்த முழங்கையை யாரும் பார்த்திருக்க மாட்டோம். பேசுகிறவனுக்குக் கண் தெரியாது, இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

காரில் திரும்பினோம். வண்டலூரில் திரும்பி மண்ணிவாக்கத்தைத் தாண்டினோம்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் சின்ன சார், வெளியே பார்த்தபடி.

"எனக்கும் தெரியாது சார்."

"பின்ன எதை வெச்சு அவ்ளோ பிடிவாதமா நின்னீங்க?"

"நமக்குத் தெரியலைங்கறது எனக்குத் தெரியும். அதை வெச்சுத்தான்."

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, "சர்குலரை வாபஸ் வாங்கிடறேன். நீங்களே மறுபடியும் தலைமையா வந்துடுங்க" என்றார்.

"வேணாம் சார். அவ என்னைவிட நல்லா நடத்தறா" என்றேன். முன் சீட்டில் இருந்த ஃபரீதா திரும்பவில்லை, ஆனால் அவள் காது சிவந்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் வலித்தது. இருந்தாலும் அந்த நாற்காலி ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்குவதாக இருந்தால் கேட் எதற்கு?

படப்பை கடைத்தெரு வந்தபோது சின்ன சார் திடீரென்று முன் சீட்டைத் தட்டினார். "முழங்கை! மேடம், முழங்கைக்கு ஒரு பட்டை வெச்சா? முன்பக்கம் முழுக்க அகலமா. கையால தொடவே வேணாம், இடிச்சா நிக்கணும். போனும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, ரொட்டி சாப்பிட்ட அந்த நாளுக்கும் சேர்த்து. நல்ல யோசனை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பதைவிடச் சந்தோஷம் இந்தத் தொழிலில் வேறு இல்லை.

"டீலர் மீட்டிங்குக்கு இன்னும் டைம் இருக்கு. மோல்டுக்கு நாளைக்கே சொல்லிடலாம்!"

ஃபரீதாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "செவ்வாய்க்கிழமை, சார். முதல் கேட்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "யார் பேசப்போறாங்க?" என்று கேட்டார்.

அந்தப் பட்டை விற்றதா, கம்பெனிக்கு லாபம் வந்ததா என்று இப்போது கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். விற்றது என்று சொன்னால் கேட் நல்லது என்பீர்கள், விற்கவில்லை என்றால் கெட்டது என்பீர்கள். இரண்டும் தப்பு. முதலாளியின் யோசனையும் நேற்று சேர்ந்த பெண்ணின் யோசனையும் ஒரே வரிசையில் நின்றன, அதற்காகத்தான் கேட். அதைத் திறந்துவிடச் சொல்லி உங்களிடமும் ஒருவர் வருவார். உங்கள் செல்ல வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டே வருவார், தயாராக இருங்கள்.

பின்வரிசையில் எழுந்து கேள்வி கேட்டவரே, உங்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டை எடுத்துவிட வேண்டும் என்பது உங்கள் யோசனை என்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஃபரீதாவிடம் சொல்லிவிட்டேன், செவ்வாய்க்கிழமை உங்களுக்காகப் பேச நான் வருகிறேன். கல்கண்டு தனசேகர் வாங்கி வைத்திருப்பார்.